சங்கிலி வாங்கிய இரண்டு ரூபாய்ச் சந்தா

1996 ஓகஸ்ட் மாதத்தில் சங்கிலி நூற்று எண்பத்தாறு பேருக்குக் கடன்பட்டிருந்தார். ஆளுக்கு இரண்டு ரூபாய், மொத்தம் முந்நூற்று எழுபத்திரண்டு ரூபாய். தொகையைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அவருடைய ஐந்து தள்ளுவண்டிகளும் கொழும்புப் புறக்கோட்டையில் ஒன்றரை நாள் ஓடினால் அந்தக் காசு வந்துவிடும். ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்க அவர் பட்ட பாடு, ஐந்து வண்டிகளையும் சம்பாதிக்கப் பட்ட பாட்டுக்குக் குறைந்ததல்ல.

சங்கிலி லேசுப்பட்ட ஆள் இல்லை. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. பதின்மூன்று வயதில் ரயிலேறிக் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமையாகத் தொடங்கினார். பில் வாசிக்கத் தெரியாது. மூட்டையில் கடைக்காரன் மையால் போட்டிருக்கும் அடையாளத்தை ஒரு தரம் பார்த்தால் போதும். எந்த வண்டியில் எத்தனை மூட்டை எந்தக் கடைக்குப் போனது என்று சாயங்காலம் வரை ஒன்று பிசகாமல் சொல்லுவார். படித்த கிளாக்கர்மார் கணக்குத் துண்டைத் தொலைத்துவிட்டு அவர் முன்னால் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அப்படிச் சேர்த்த காசில் ஒரு வண்டி வாங்கினார், பிறகு இரண்டு, மூன்று. எண்பத்துமூன்று கலவரத்தில் மூன்றும் எரிந்தன. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி ஐந்தாக்கினார். எவன் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை.

தோட்டத் தமிழருக்கு அரசாங்கம் பறித்து வைத்திருந்த பிரஜாவுரிமை மட்டும் அவர் கையில் இல்லாத விஷயமாக இருந்தது. அது கிடைத்தபோது வயது நாற்பத்துமூன்று. அதன் பிறகு எடுத்த அடையாள அட்டையைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்திருந்தார். குளிக்கப் போகும்போது மனைவி பழனியம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். அந்த நாளில் கொழும்பில் தமிழனுக்குச் சட்டை இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், அட்டை இல்லாமல் சந்திவரை போக முடியாது.

அந்த வருடம் எங்கும் பிராந்தியப் பேச்சு. அரசாங்கம் நாட்டைப் பிராந்தியங்களின் ஒன்றியமாக ஆக்கப் போகிறதாம். ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் தனிச் சபை, தனிப் பொலிஸ், காணியில் அதிகாரம். வடக்கையும் கிழக்கையும் சேர்ப்பதா வேண்டாமா, கிழக்கிலே முஸ்லிம்களுக்கு எந்தத் துண்டு என்று பத்திரிகைகள் தினம் ஒரு கோடு கிழித்தன. வடக்கில் சண்டை ஓயவில்லை. கொழும்பில் எந்த நேரம் எங்கே குண்டு வெடிக்கும் என்று தெரியாது. வெடித்த மறுநாள் தமிழர் இருக்கும் தெருக்களில் ஆட்களை அள்ளிப் போக லொறி வந்து நிற்கும். அந்த நிலைமையிலும் நாட்டை எப்படிப் பிரிப்பது என்று பாராளுமன்றத்தில் ஒரு குழு உட்கார்ந்து யோசித்தது. அந்தக் கோடுகளில் ஒன்றாவது மலைநாட்டுப் பக்கம் திரும்பவில்லை.

இதைக் கண்டு பொறுக்காமல் கொட்டாஞ்சேனையில் ஒரு மன்றம் கிளம்பியது. செயலாளர் சவுந்தரநாயகம், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற கத்தோலிக்கர். அவருடைய தாயார் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்பது அதுவரை அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அந்த வருடம்தான் அவராகச் சொன்னார். ஒரு ஞாயிறு பின்னேரம் சங்கிலியின் வண்டிக் கொட்டகையில் கூட்டம் போட்டார்.

"எல்லாரும் கேக்கினம். நாங்கள் கேக்காட்டி, அப்பிடி ஒரு சனமே இல்லையெண்டுதான் எழுதுவாங்கள்" என்றார். "மலைநாட்டுக்கு ஒரு தனி அலகு வேணுமெண்டு குழுவுக்கு மனு குடுப்பம். ஊரிலயிருந்து வந்து கொழும்பில இருக்கிற ஆக்களின்ர பேரும் அதில வரவேணும்."

மாநகரசபையில் தெருக் கூட்டும் குப்பாயி ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். வாய்க்குப் பூட்டும் இல்லாதவள்.

"அய்யா, ஒரு சந்தேகம். மலநாட்டுல நமக்குன்னு ஒரு துண்டு குடுத்துட்டாங்கன்னு வைங்க. அப்புறம் என்னப் பாத்து, ஒனக்குத்தான் எடம் குடுத்தாச்சே, அங்க போய்க் கூட்டுன்னு சொல்ல மாட்டாங்களா?"

சிரித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். அவள் சொன்னது எல்லாருடைய வயிற்றிலும் கிடந்த பயம்.

"அதுக்குத்தான் மனுவில ரெண்டாம் பந்தி எழுதியிருக்கு, குப்பாயி. வெளியில இருக்கிறவைக்கு இருக்கிற இடத்திலயே உரிமை எண்டு."

"வீடு கொளுத்த வர்றவன் பந்தி வாசிச்சுட்டா வருவான்?"

சவுந்தரநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சங்கிலியைப் பார்த்து, "கிராண்ட்பாஸ் பக்கம் உங்கட பொறுப்பு. பேரும் அட்டை நம்பரும் மட்டும் எழுதுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்" என்றார்.

அந்த ஒரு சொல்லைச் சங்கிலி கேட்கவில்லை.

தோட்டத்தில் சங்கம் என்றால் சந்தா. சந்தா கட்டிய துண்டு கையில் இருந்தால்தான் உனக்கு அங்கே பேச்சு. காசு வாங்காமல் பேர் எழுதுகிறவனை ஆள் பிடிக்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். கிராண்ட்பாஸ் பக்கம் போன முதல் நாளே அது தெரிந்தது. ஒரே குழாயைச் சுற்றி நாற்பது குடும்பம் இருக்கும் குடிசைத் தொடர் அது. ஒருவரும் அட்டையை வெளியே எடுக்கவில்லை. கடைசியில் சங்கிலியின் வண்டிக்காரன் ராமையாவே கேட்டுவிட்டான்.

"சும்மா எழுதுற பேருக்கு என்னண்ணே மதிப்பு? நாளைக்கு எவனாச்சும் கிழிச்சுப் போட்டா என்னன்னு கேக்குறது? ஒரு ரெண்டு ரூபாயாவது வாங்குங்க."

வாங்கினார். ஜனம் வந்து குவிந்தது. சிவப்பு அட்டை போட்ட நீளக் கொப்பியில் ராமையா எழுத எழுத, சங்கிலி அட்டையை வாங்கி நம்பரைப் பார்த்துச் சொல்லி, காசைத் துணிப்பையில் போட்டார். பேர், அட்டை நம்பர், இருக்கும் இடம், கையெழுத்து அல்லது பெருவிரல் அடையாளம், கடைசியில் இரண்டு ரூபாய். ஒரு வாரத்தில் குப்பாயியோடு சேர்த்து நூற்று எண்பத்தாறு பேர். மற்றவர்கள் ஐம்பதும் அறுபதும் கொண்டுவர, தான் கொப்பியையும் காசுப் பையையும் மேசையில் தொப்பென்று வைக்கப் போவதை நினைத்து அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காசைப் பற்றிச் சவுந்தரநாயகத்திடம் மூச்சு விடவில்லை.

மனுக்களை எல்லாம் சேர்த்துக் கட்டியவர் வெள்ளவத்தையில் இருந்த வழக்கறிஞர் சிவபாதசுந்தரம். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சங்கிலி கொப்பியையும் பையையும் எடுத்துக்கொண்டு புறக்கோட்டையில் பஸ் ஏறினார். தெகிவளையில் ரயிலில் குண்டு வெடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள்.

அட்டையைக் காட்டினார். பொலிஸ்காரன் பையைத் தட்டினான். காசு கலகலத்தது. கொப்பியை விரித்தான். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் அட்டை நம்பர் தெரியாதா. நம்பருக்கு நேரே காசு. அடுத்த நம்பர், காசு. பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

"கப்பமா?" என்றான்.

கப்பம் என்றால் புலிகளுக்குப் பிடிக்கும் காசு. சங்கிலிக்கு அப்போதுதான் கண் திறந்தது. தன் கையாலே தான் செய்துவைத்திருப்பது என்ன என்று பொலிஸ்காரனின் கண்ணால் பார்த்தார்.  முப்பத்தெட்டு வருடமாகச் சிங்களத்தில் பேரம் பேசிய வாய் அது. சிங்கள நாட்டாமைகளுக்கே சிங்களத்தில் பதில் சொல்லிக்கொடுத்த வாய். அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது. ஜன்னலோரம் இருந்தவர்கள் ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன? அவராக இருந்தாலும் கடல் இருக்கும் மறுபக்கம்தான் பார்த்திருப்பார்.

பொலிஸ் நிலையத்தில் பெல்ட்டையும் செருப்பையும் கழற்றச் சொல்லித் தரையில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், சத்தம் போடாதவர். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சங்கிலிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திரும்பியது. பிராந்தியங்களைப் பற்றிய மனு, பாராளுமன்றக் குழுவே கேட்டது என்று உள்ளதைச் சொன்னார். மன்றத்தின் பெயரையோ சவுந்தரநாயகத்தின் பெயரையோ சொல்லவில்லை.

"அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத முத்திரைக் காசு போதும்" என்றார் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில். "ஆளுக்கு இரண்டு ரூபாய் எதற்கு?"

தோட்டத்துச் சந்தாவை அந்த மனிதருக்கு எப்படி விளங்க வைப்பது? 

இன்ஸ்பெக்டர் ஒரு சார்ஜனைக் கூப்பிட்டுக் கொப்பியை வாசிக்கச் சொன்னார். அவனுக்குத் தமிழ் தெரியும். ஒவ்வொரு பேராக அவன் வாசிக்க வாசிக்கச் சங்கிலிக்கு அந்த ஆளின் முகம், வாசல், பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்தன. நூற்று எண்பத்தாறு பேரையும் அள்ளிக்கொண்டு வர எத்தனை லொறி வேண்டும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. மூட்டைக் கணக்குப் பார்த்துப் பழகிய மனசு. பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள், பிறகு சத்தமே இல்லை.

"இது யார்?" இன்ஸ்பெக்டர் ஒரு பெருவிரல் அடையாளத்தில் விரலை வைத்தார்.

"குப்பாயி. தெரு கூட்டுகிறவள்" என்றார் சங்கிலி.

"கூட்டி வாருங்கள்."

ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. குப்பாயி மாநகரசபைச் சட்டையோடு, கையில் விளக்குமாறோடு இறங்கினாள். தரையில் பெல்ட் இல்லாமல் சாரத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்த சங்கிலியைப் பார்த்தாள். கண்ணில் ஒரு நொடி என்னவோ ஓடியது. சங்கிலி வேண்டாத தெய்வமில்லை. மன்றம் என்று சொல்லப் போகிறாள், யார் மன்றம் என்று கேட்கப் போகிறார்கள், சவுந்தரநாயகம் போவார், கொட்டாஞ்சேனையே போகும்.

"இவனுக்கு ஏன் காசு கொடுத்தாய்?" என்று சார்ஜன் தமிழில் கேட்டான்.

"ஏமாந்துதான் குடுத்தேன்" என்றாள் குப்பாயி. "பேரு எழுதினா கவுண்மெந்துல வீடு குடுப்பாங்கன்னு சொன்னான் இந்தாளு. அட்டைய வாங்கி எழுதினான். ரெண்டு ரூபாயும் பிடுங்கிக்கிட்டான். வீடும் இல்ல, மண்ணும் இல்ல." சங்கிலியின் பக்கம் திரும்பினாள். "வண்டி அஞ்சு வச்சிருக்கியே, கூட்டுறவகிட்டயா கை வைப்ப? வெக்கமாயில்ல ஒனக்கு? என் காச வை."

சார்ஜன் சிங்களத்தில் சொன்னான். அறையில் முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்காமல் சங்கிலியைப் பார்த்தார்.

"உண்மையா?"

சங்கிலிக்கு ஐம்பத்தொரு வயது. இந்தக் கொழும்பில் ஒரு மூட்டை அரிசியில் ஒரு பிடி குறைந்தது என்று அவரைச் சொன்னவன் இல்லை. அந்தப் பேரைச் சம்பாதிக்க முப்பத்தெட்டு வருடம். 

"உண்மைதான், சார்" என்றார். "ஏமாத்தினேன்."

இன்ஸ்பெக்டர் கொப்பியை மூடி மேசை இழுப்பறையில் போட்டார். காசுப் பையையும் போட்டார். அடையாள அட்டையை அவற்றின் மேல் வைத்து இழுப்பறையைப் பூட்டினார். ஒரு துண்டில் சிங்களத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஏழு நாளைக்கு அந்தத் துண்டுதான் அட்டை. அதற்குள் கொப்பியில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவரவர் காசு திரும்ப வேண்டும். எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்று இந்தப் பெண் வந்து சொன்னால் அட்டை கிடைக்கும். சொல்லாவிட்டால் மறுபடி இதே தரை.

"யாரிடம் வாங்கினாய் என்று நினைவிருக்கிறதா?"

"இருக்கு, சார்" என்றார் சங்கிலி. அந்தப் பதிலை மட்டும் தடுமாறாமல் சொன்னார்.

வெளியே வந்து தெருமுனை திரும்பியதும் குப்பாயி நின்றாள்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றாள் குப்பாயி. "வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"என் பேர நாசம் பண்ணிட்ட, தங்கச்சி."

"உசுரு இருந்தாத்தானே அண்ணே பேரு."

அன்று இரவே சவுந்தரநாயகம் வந்தார். காசு வாங்கிய கதையை அப்போதுதான் கேட்டார்.

"நான் சொன்னனான்தானே, வேற ஒண்டும் வேண்டாமெண்டு."

"சொன்னீங்கய்யா."

"சனிக்கிழமை மனு போகவேணும். இப்ப கிராண்ட்பாஸ் பக்கத்துப் பேர் ஒண்டும் இல்லை." பிறகு கிட்ட வந்தார். "காசக் குடுக்கப் போகேக்க, பேர் இருக்கட்டுமோ எண்டு கேளுங்கோ. ஆனா ஒரு துண்டிலயும் எழுத வேண்டாம்."

"எழுதத் தெரிஞ்சவனுக்குத்தான் துண்டு வேணும்" என்றார் சங்கிலி. அந்த நிலைமையிலும் அது வாயில் வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் தன் கைக்காசை எடுத்துக்கொண்டு இறங்கினார். கொப்பி இல்லை. குழாயடியிலிருந்து எண்ணத் தொடங்கி, வாசல் வாசலாக, கடை அடையாளம் பார்ப்பது மாதிரி முகம் பார்த்து நடந்தார். படித்த ஆள் யாராவது இதைச் செய்து காட்டட்டும். ஆனால் வாசலில் நின்றபோது பெருமை ஒன்றும் மிஞ்சவில்லை. காசை நீட்டினால் முதல் கேள்வி ஒன்றுதான்.

"என் பேரு அவங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு."

கதவுகள் அந்தச் சொல்லோடு சாத்தப்பட்டன. ஒருத்தி காசைத் தொடவே மாட்டேன் என்றாள். தொட்டால் கைரேகை பதியுமாம். அவள் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். ஒருவன் பெண்டாட்டி பிள்ளையோடு தோட்டத்துக்கே போய்விட்டான், தங்கையிடம் கொடுத்தார். இன்னொருவன், "வாங்கய்யா ரெண்டு ரூபா, வீடு எப்பக் கட்டப் போறீங்க?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். பொலிஸில் நடந்தது அவருக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. சங்கிலி தலையைக் குனிந்துகொண்டார். கதை அப்படியே இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

பேர் இருக்கட்டுமா என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார். "வேண்டாம், எடுத்துடுங்க" என்றவர்கள்தான் அதிகம். "பிராந்தியம் வந்தா எங்கள அங்க ஏத்தி அனுப்புவாங்களாண்ணே?" என்று சிலர் கேட்டார்கள். அவருக்கும் அதே பயம்தான். மனுவில் பேர் இருந்தால் அனுப்புவார்களா, இல்லாவிட்டால் அனுப்புவார்களா என்று யார் கண்டது?

சோதனைச் சாவடிகளில் துண்டைப் பார்த்த ஒவ்வொருவனும் ஒவ்வொரு விதம். ஆமர் வீதியில் இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். நாளுக்கு நாள் துண்டு வேர்வையில் நனைந்து முத்திரை கரைந்தது. வீட்டில் ஜீப் சத்தம் கேட்டால் பழனியம்மா கையிலிருக்கும் பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். சத்தம் தாண்டிப் போனபிறகுதான் கீழே வைப்பாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சங்கிலி சவுந்தரநாயகத்தின் வீட்டுச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பேர் இருக்கட்டும் என்றவர்களை ஒவ்வொருவராகச் சொன்னார். பேரும் அட்டை நம்பரும், ஒன்று பிசகாமல். சவுந்தரநாயகம் எழுதிக்கொண்டே வந்தார். அறுபத்துமூன்று பேர்.

"நம்பருமா ஞாபகம்?" என்றார் ஓய்வு பெற்ற கிளாக்கர்.

"அட்டை கெடைக்காம நாப்பத்துமூணு வருசம் இருந்தவன், அய்யா. ஒருத்தன் அட்டையக் கையில வாங்கினா மறக்காது."

குப்பாயியை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அவளும் அதைத்தான் சொல்லியிருந்தாள். மற்ற எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தபிறகு தன் காசை வாங்கிக்கொண்டு, நேரே உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவேன் என்றாள்.

ஏழாம் நாள் காலை. பொலிஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் அவள் காத்துக்கொண்டு நின்றாள். வாசலில் காவலுக்குத் துவக்கோடு நின்ற பொலிஸ்காரன் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தான். 

"அந்தப் பக்கமாப் போய்க் குடுக்கவா?" என்றார்.

"இங்கயே. அவன் பாக்கட்டும். எனக்கும் ஒங்களுக்கும் இதோட கணக்கு முடிஞ்சுதுன்னு பாக்கட்டும்." குரல் தாழ்ந்தது. "எல்லாருக்கும் ஆச்சாண்ணே? உள்ள போய் நான் பொய் சொல்ல மாட்டேன்."

"நூத்தி எண்பத்தஞ்சு பேருக்கும் ஆச்சு." அவர் தயங்கினார். "ஒன் பேரு? மனு நேத்தே போயிருச்சு. ஆனா அய்யா பேரு ரெண்டாவது கட்டு ஒண்ணு அனுப்புறாராம்."

குப்பாயி வாசலைப் பார்த்தாள். அவள் முகத்தில் வாய்த்துடுக்கு ஒன்றும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

"உள்ள இழுப்பறையில இருக்கிற பேர ஒங்களால எடுக்க முடியாது. அங்க இருக்குறது அந்தக் குழுகிட்டயும் இருந்துட்டுப் போகட்டும். போடுங்க." பிறகு குரலை உயர்த்தினாள், வாசலில் நின்றவனுக்குக் கேட்கும்படி. "ரெண்டு ரூபா மட்டும் இல்ல. ஜீப்புல ஏத்துன அன்னிக்கு ஓவசியர் அரை நாள் சம்பளத்த வெட்டிட்டான். அம்பத்தஞ்சு. அதையும் சேத்து வைங்க."

வலது கையை நீட்டினாள். விளக்குமாற்றுக் காம்பு பிடித்துக் காய்த்த உள்ளங்கை. சங்கிலி மடியை அவிழ்த்தார். பத்து ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார், ஐந்து. அதன் மேல் ஐந்து ரூபாய் நாணயக் குத்தி ஒன்று. கடைசியாக ஒரு ரூபாய்க் குத்திகள், ஒன்று, இரண்டு.